கோடையில் வீசும் வாடை

கி.மு. 399-இல் ஏதென்ஸ் நீதிமன்றம் சாக்ரடீஸுக்கு மரண தண்டனை விதித்தது. ஆனால் தண்டனையை உடனே நிறைவேற்ற முடியவில்லை. ஏதென்ஸ் நகரம் ஆண்டுதோறும் டெலோஸ் தீவிலுள்ள அப்பல்லோவின் கோயிலுக்கு ஒரு புனிதக் கப்பலை அனுப்பும். அது போய்த் திரும்பும் வரை ஊருக்குள் யாரையும் கொல்லக் கூடாது என்பது மரபு. விசாரணைக்கு முந்திய நாள்தான் அந்தக் கப்பலுக்கு மாலை சூட்டியிருந்தார்கள். எதிர்க்காற்று பிடித்துக்கொண்டால் இந்தப் பயணம் வெகுநாள் இழுத்துவிடும் என்று பிளேட்டோ தன் 'ஃபீடோ' நூலில் சொல்கிறார். சாக்ரடீஸ் முப்பது நாள் சிறையில் காத்திருந்ததாக செனஃபோன் எழுதுகிறார். நண்பர்கள் தினமும் வந்து அவரோடு பேசிக்கொண்டிருந்தது அந்த நாட்களில்தான்.

இன்று ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் காலையில் ஏறினால் மதியத்துக்குள் டெலோஸுக்கு அடுத்த தீவான மிகோனோஸில் இறங்கிவிடலாம். எஃகுக் கப்பல், டீசல் இயந்திரம், செயற்கைக்கோள் வழிகாட்டி எல்லாம் வந்துவிட்டன. ஆனாலும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஏஜியன் கடலில் எந்தக் கப்பல் எப்போது கிளம்பும் என்பதைக் கடைசியில் முடிவுசெய்வது காற்றுதான். எந்தக் கப்பல் ஆடும், எது ஆடாது, யார் வயிறு புரளும், துறையில் கப்பல் எப்படித் திரும்பும் என்பதெல்லாம் அந்த ஒரே காற்றின் கணக்கு. அந்தக் காற்றின் ஒரு நுனி நம் தென்மேற்குப் பருவமழையில் கட்டப்பட்டிருக்கிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பைத் தரும் செய்தி.

கிரேக்கர்கள் இதை மெல்டெமி என்கிறார்கள். பழைய நூல்களில் இதன் பெயர் எடீசியக் காற்று. மே மாத இறுதியில் தலைகாட்டி, ஜூலை, ஆகஸ்டில் உச்சத்துக்குப் போய், செப்டம்பரில் தணியும் வறண்ட வடகாற்று. நமக்கு வாடை என்றால் மார்கழிக் குளிர் நினைவுக்கு வரும். அங்கே கொளுத்தும் கோடையில் வாடை வீசுகிறது. அதுவும் மேகம், இடி, மழை என்று எந்த முன்னறிவிப்பும் இல்லாமல். வானம் துடைத்துவிட்டாற்போல் நீலமாக இருக்கும். தொலைவிலுள்ள தீவுகளின் பாறை மடிப்புகூடத் தெளிவாகத் தெரியும். கடல் மட்டும் கரையிலிருந்து அடிவானம் வரை வெள்ளை நுரையாகக் கொதிக்கும். கரையில் நிற்கும் சுற்றுலாப் பயணிக்கு, இவ்வளவு நல்ல வெயிலில் கப்பலை ஏன் நிறுத்தினார்கள் என்று புரியாது.

காற்றின் நாள் ஒழுங்கும் ஓரளவு பிடிபடக்கூடியது. காலையில் மெல்லத் தொடங்கி, நிலம் சூடாகச் சூடாக வலுத்து, பிற்பகலில் உச்சம் தொட்டு, மாலையில் அடங்கும். சில சமயம் இரவிலும் அடங்காமல் நாலைந்து நாள் ஒரே மூச்சாக வீசும். கி.மு. நான்காம் நூற்றாண்டில் மாசிடோனிய மன்னன் பிலிப், எடீசியக் காற்று வீசும் காலமாகப் பார்த்துத்தான் போர் தொடுக்கிறான், நம் கப்பல்கள் வடக்கே போய்ச் சேர முடியாது என்று அவனுக்குத் தெரியும் என டெமோஸ்தனீஸ் என்ற பேச்சாளர் ஏதென்ஸ் மக்களை எச்சரித்தார். துடுப்பும் பாயும் கொண்ட கப்பல்கள் இந்தக் காற்றுக்கு எதிரே வடக்கு நோக்கிப் போவது அவ்வளவு பாடு.

இது ஏன் கோடையில் வீசுகிறது? ஏஜியன் கடலுக்கு மேற்கே, பால்கன் பகுதியில் கோடையில் காற்றழுத்தம் உயர்ந்திருக்கும். கிழக்கே, துருக்கியின் சூடேறிய பீடபூமியின் மேல் அழுத்தம் தாழ்ந்திருக்கும். பூமியின் சுழற்சியால், காற்று உயரழுத்தத்திலிருந்து தாழ்வழுத்தத்துக்கு நேராகப் பாய்வதில்லை, பக்கவாட்டில் திரும்பிவிடும். வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்தம் இடக்கைப் பக்கம் இருக்கும். இங்கே தாழ்வழுத்தம் கிழக்கே, அதாவது தெற்கு நோக்கி நிற்பவரின் இடப்பக்கம். அதனால் காற்று வடக்கிலிருந்து தெற்காக ஓடுகிறது. இருபுறமும் கிரேக்க மலைகளும் துருக்கி மலைகளும் இருக்க, நடுவிலுள்ள கடல் அதற்கு வாகான வழியாகிவிடுகிறது.

துருக்கியின் மேலுள்ள அந்தத் தாழ்வழுத்தம் தனித்து நிற்பதல்ல. அதன் வால் ஈரான் வழியாக நீண்டு பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா வரை வருகிறது. நம் தென்மேற்குப் பருவக்காற்றை உள்ளே இழுக்கும் தாழ்வழுத்தத்தின் மேற்கு முனைதான் துருக்கியின் தாழ்வழுத்தம். மேலே வானத்தில் இன்னொரு வேலையும் நடக்கிறது. இந்தியாவிலும் வங்கக் கடலிலும் பருவமழை கொட்டும்போது, ஒவ்வொரு கிலோகிராம் நீராவியும் குளிர்ந்து துளியாகையில் ஏறத்தாழ 25 லட்சம் ஜூல் வெப்பத்தை வெளிவிடுகிறது. பல கிலோமீட்டர் உயரத்தில் இப்படிச் சேரும் வெப்பம் வளிமண்டலத்தையே உலுக்கி, மேற்கு நோக்கி ஒரு பேரலையை அனுப்புகிறது. ராஸ்பி அலை என்பது அதன் பெயர். 1996-இல் மார்க் ராட்வெல், பிரையன் ஹாஸ்கின்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் வானிலை அறிஞர்கள் இதைக் கணினி மாதிரியில் காட்டினார்கள். ஆசியப் பருவமழையின் வெப்பம் இருக்கையில், கிழக்கு மத்தியதரைக் கடலுக்கு மேல் காற்று கீழ்நோக்கி இறங்குகிறது. இறங்கும் காற்று அழுந்திச் சூடாகி வறண்டுபோகும், மேகம் கட்டாது. கேரளத்தில் குடை விரியும் மாதங்களில் கிரேக்கத் தீவுகளின் வானம் துளி மேகமில்லாமல் கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பருவமழை அமைப்பது மேடையை மட்டுமே. எந்த நாளில் மெல்டெமி எழும், எத்தனை நாள் நீடிக்கும் என்பதை ஐரோப்பாவின் மேல் நகரும் அன்றாட அழுத்த மாற்றங்களே தீர்மானிக்கின்றன. ஆகவே மும்பையில் அடைமழை என்றால் மிகோனோஸில் கப்பல் நிற்கும் என்று யாரும் நேர்க்கோடு போட்டுவிடக் கூடாது.

மெல்டெமியும் பருவக்காற்றும் ஒரே காலத்தவை என்பதை வெகுகாலத்துக்கு முன்பே எழுதிவைத்தவர் வானிலை அறிஞர் அல்லர், வணிகர். முசிறிக்கும் நம் கிழக்குக் கரைத் துறைகளுக்கும் வந்துபோன கப்பல்களைப் பற்றிச் சொல்லும் முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்', தம் பக்கம் எடீசியக் காற்று வீசும் அதே பருவத்தில்தான் இந்தியக் கடலில் பெருங்கடலிலிருந்து காற்று எழுகிறது என்று குறித்துவைத்திருக்கிறது. மிளகு வாங்க வந்தவர் நாட்காட்டியில் கண்டதற்கு இயற்பியல் விளக்கம் கிடைக்க ஏறத்தாழ 1,900 ஆண்டுகள் ஆயின.

பிரேயஸிலிருந்து கிளம்பும் கப்பலில் தொடக்கத்தில் காற்றைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். ஏதென்ஸைச் சூழ்ந்த அட்டிகாவின் மலைகள் வடக்கை மறைத்துக்கொண்டிருக்கும். கடல் தெய்வம் போசைடனின் கோயில் நிற்கும் சூனியோன் முனையைத் தாண்டியதும் காட்சி மாறும். எவியா தீவுக்கும் ஆந்த்ரோஸ் தீவுக்கும் நடுவே கஃபிரேயஸ் நீரிணை திறந்து கிடக்கிறது. இருபுறமும் மலை, நடுவில் குறுகிய வாய். வடக்கு ஏஜியனிலிருந்து வரும் காற்று அந்த வாயில் நெருங்கிப் புகுந்து வேகம் கூடி வெளியே வரும். காப்பிக் கோப்பைகள் மேசையில் நகரத் தொடங்குவது இந்த இடத்தில்தான். பரோஸ், நக்ஸோஸ், சாண்டோரினி என்று தென்கிழக்கே போகும் கப்பலுக்கு அலை இடது பின்பக்கத்திலிருந்து வந்து தள்ளும். திரும்பி வருகையில் அதே அலை வலது முன்பக்கத்தில் மோதும். போகும்போது சுகமாக இருந்ததே என்று நம்பித் திரும்பும் வழியில் அவதிப்படுகிறவர்கள் பலர்.

கப்பல் எவ்வளவு ஆடும் என்பதற்கு அலையின் உயரத்தை மட்டும் பார்த்தால் போதாது, நீளத்தையும் பார்க்க வேண்டும். பெருங்கடலில் காற்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தடையின்றி ஓடி, நீண்ட, சோம்பலான அலைகளை உருட்டும். ஏஜியனில் எங்கே நின்றாலும் ஏதாவது ஒரு தீவு கண்ணில் படும். வடகோடியிலிருந்து சைக்ளடீஸ் தீவுக்கூட்டம் வரை காற்றுக்குக் கிடைக்கும் ஓட்டமே சில நூறு கிலோமீட்டர்தான். அதனால் இங்கே அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் நெருக்கமாகவும் வரும். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே ஐந்து முதல் ஏழு விநாடி. ஆழ்கடல் அலையின் நீளத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: விநாடியை அதே எண்ணால் பெருக்கி, மீண்டும் 1.56-ஆல் பெருக்கினால் மீட்டரில் விடை வரும். ஆறு விநாடி அலைக்கு 56 மீட்டர், ஏழு விநாடி அலைக்கு 76 மீட்டர். பெருங்கடலின் 12 விநாடி அலைக்கோ 225 மீட்டர்.

ஏஜியனில் ஓடும் பெரிய பயணிக் கப்பல்களுள் ஒன்றான ப்ளூ ஸ்டார் டெலோஸின் நீளம் 146 மீட்டருக்குச் சற்றே குறைவு. 60, 70 மீட்டர் அலைகளில் அது ஒரே நேரத்தில் இரண்டு முகடுகளின் மேல் படுத்துப் போகிறது. முன்பகுதி பள்ளத்தில் இறங்குவதற்குள் நடுப்பகுதியை அடுத்த முகடு தாங்கிக்கொள்ளும். நாற்பது, ஐம்பது மீட்டர் நீளமுள்ள, இரட்டை உடல் கொண்ட கேட்டமரானுக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வோர் அலையிலும் ஏறி ஒவ்வொன்றிலும் இறங்க வேண்டும். பெரிய கப்பலில் ஓரளவு நிம்மதியாகச் சாப்பிட முடியும் என்ற அனுபவ அறிவுக்குப் பின்னால் இருப்பது இந்த வகுத்தல் கணக்கு.

வயிற்றுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1974-இல் ஓஹான்லன், மெக்காலி என்ற இருவர் ஆட்களை ஆய்வுக்கூடத்தில் மேலும் கீழுமாக வெவ்வேறு வேகத்தில் ஆட்டிப் பார்த்தார்கள். விநாடிக்கு ஏறத்தாழ 0.2 முறை, அதாவது ஐந்து விநாடிக்கு ஒரு முறை ஏறி இறங்கும் அசைவில்தான் குமட்டல் மிக அதிகமாக வந்தது. அதைவிட மிக வேகமாகக் குலுங்கினால் எலும்பு நோகும், குமட்டல் குறையும். அதைவிட மிக மெதுவாக என்றால் உடல் பெரிதாகக் கண்டுகொள்ளாது. 1980-களில் லாதர், கிரிஃபின் ஆகியோர் பயணிக் கப்பல்களில் 20,000-க்கும் மேற்பட்ட பயணிகளிடம் கேட்டுத் திரட்டிய விவரங்களிலும், மேலும் கீழுமான அசைவுதான் முதன்மைக் குற்றவாளி என்று தெரிந்தது. ஏஜியன் அலைகளின் தாளமோ அந்த ஐந்து விநாடியைச் சுற்றியே அமைந்திருக்கிறது. கப்பல் அலைக்கு எதிரே போனால் மோதல் வேகம் கூடும், அலையோடு போனால் குறையும். ஆகவே ஒரே அலையில் போகும் வழியும் திரும்பும் வழியும் வயிற்றுக்கு ஒன்றல்ல.

பெரிய கப்பல்களில் நீருக்கடியில் இருபுறமும் நிலைப்படுத்தும் துடுப்புகள் நீட்டிக்கொள்ளும். விமான இறக்கையைப் போலவே நீரோட்டத்தில் மேலும் கீழும் விசை கொடுத்து, பக்கவாட்டு உருளலை அவை பெருமளவு அடக்கும். இரண்டு குறைகள் உண்டு. முன்னும் பின்னுமாகத் தலை தூக்கித் தாழ்வதை அவற்றால் தடுக்க முடியாது. அவற்றின் விசை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் இருப்பதால், கப்பல் வேகம் குறைத்தால் துடுப்பும் சோர்ந்துவிடும். தீவு நெருங்கியதும், இறங்கப் போகிறோம் என்று எழுந்து நின்ற நேரத்தில் கப்பல் திடீரென்று சாய்ந்து ஆடுவது இதனால்தான்.

கேட்டமரான் வேறு வழியில் யோசித்த கலம். மெலிந்த இரண்டு உடல்கள் தண்ணீரைக் கத்தியாகக் கிழிப்பதால் அலையை எழுப்புவதில் ஆற்றல் அவ்வளவாக வீணாகாது. வழக்கமான கப்பல் எட்டு மணி நேரத்தில் போகும் சாண்டோரினிக்கு இது ஐந்து மணி நேரத்தில் போகும். இரு உடல்களும் அகன்று நிற்பதால் எளிதில் சாயாது, ஆனால் அலை ஒரு பக்கம் தூக்கினால் வெடுக்கென நிமிரும். அலை உயர்ந்தால், இரு உடல்களையும் இணைக்கும் தளத்தின் அடிவயிற்றில் கடல் ஓங்கி அறையும். அதனால் இவற்றுக்கு அலை உயர வரம்பு தனியாக விதிக்கப்படுகிறது, காற்று எழும் நாளில் முதலில் ரத்தாகும் பயணமும் இவற்றுடையதே.

காற்றோடு கப்பல் நேருக்கு நேர் மல்லுக்கட்டும் இடம் நடுக்கடல் அல்ல, துறைமுகம். ஆகஸ்ட் 15, மாதாவின் திருநாள், டினோஸ் தீவைப் பாருங்கள். கிரேக்கம் முழுவதிலிருந்தும் பக்தர்கள் குவிவார்கள். இறங்கியதும் துறையிலிருந்து மேட்டிலுள்ள மாதா கோயில் வரை முழங்காலிட்டே போகிறவர்கள் உண்டு. ஆண்டிலேயே கூட்டம் மிகுந்த நாளும் மெல்டெமியின் உச்சமும் ஒன்றாக வந்து சேரும். மலையைத் தாண்டி மறுசரிவில் விழும் காற்று சீராக வராது, விட்டு விட்டு அறையும்.

சிறிய துறைமேடையில் கப்பல் பக்கவாட்டில் ஒட்டி நிற்க இடம் இருக்காது. ஆகவே துறைக்குள் நுழைந்ததும் கப்பல் அரைவட்டம் அடித்து, முன்பக்க நங்கூரத்தைச் சங்கிலியோடு இறக்கிவிட்டு, பின்னோக்கியே மேடைக்கு வரும். இரண்டு உந்திகளில் ஒன்று முன்னும் மற்றது பின்னும் சுழல, 140 மீட்டர் கப்பல் நின்ற இடத்திலேயே திரும்பும். இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும்போதே பின்பக்கச் சாய்தளம் பாதி இறங்கியிருக்கும். உள்ளே வண்டித் தளத்தில் டீசல் நெடிக்கு நடுவே பெட்டிகளோடு மக்கள் நெருக்கியடித்து நிற்பார்கள், ஊழியர்கள் விசிலடித்து லாரிகளைக் கிளப்புவார்கள். வடங்களை மேடையிலுள்ள இரும்புக் குமிழ்களில் மாட்டியதும் சாய்தளம் கல்லில் உராய்ந்து நிற்கும். இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் லாரிகளும் அந்த ஒரே சரிவில் கலந்து ஓட, சில நிமிடங்களில் கப்பல் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடும்.

அந்த நிமிடங்களில் காற்று என்ன செய்கிறது என்று கணக்கிடலாம். கப்பலின் பக்கம் 140 மீட்டர் நீளம், தண்ணீருக்கு மேல் 20 மீட்டர் உயரம் என்றால் 2,800 சதுர மீட்டர் சுவர். விநாடிக்கு 10 மீட்டர் வேகக் காற்று அதன் மேல் ஏறத்தாழ 17 டன் எடைக்குச் சமமான விசையைச் செலுத்தும். காற்று இருமடங்காகி 20 மீட்டர் ஆனால் விசை நான்கு மடங்காகி 68 டன்னைத் தொடும். முன்பகுதியைப் பக்கவாட்டில் தள்ளும் 1,000 கிலோவாட் உந்தி தருவது தோராயமாக 15 டன். இப்படிப்பட்ட இரண்டு இருந்தாலும் போதாது. கப்பல் தலைவர் காற்றோடு சண்டை போடுவதில்லை. அடுத்த வீச்சு எப்போது வரும் என்று தண்ணீரின் கருமையைப் பார்த்து, இடைவெளியில் திருப்பி, நங்கூரத்தை ஊன்றுகோலாக வைத்துப் பின்வாங்குகிறார். கப்பல் ஓட்டும் கலையில் நான் மிக மதிப்பது இதைத்தான்.

விநாடிக்கு 20 மீட்டர் என்பது போஃபோர்ட் அளவையில் எட்டாம் எண்ணுக்குள் வரும். பிரிட்டிஷ் கடற்படையின் பிரான்சிஸ் போஃபோர்ட் 1805-இல் வகுத்த அந்த அளவைதான் இன்றும் கிரேக்கத் தீவுகளில் பேச்சுவழக்கு. காப்பிக் கடையில் "இன்று எத்தனை?" என்று கேட்டால், எட்டு அல்லது ஒன்பது என்று பதில் வரும். கிரேக்கத் தேசிய வானிலை நிறுவனத்தின் முன்னறிவிப்பை வைத்துத் துறைமுகக் காவல் அதிகாரிகள் கப்பல் கிளம்பத் தடை விதிப்பார்கள். கப்பலின் வகையையும் கடற்பகுதியையும் பொறுத்து வரம்பு மாறும். எட்டு என்றாலே பெரிய கப்பல்களின் நேர அட்டவணை ஆட்டம் காணும், அதிவேகக் கலங்களும் சிறிய படகுகளும் அதற்கு முன்பே நின்றிருக்கும்.

இந்தத் தடையைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1966 டிசம்பர் 8 அதிகாலையில் கிரீட்டிலிருந்து பிரேயஸுக்கு வந்த ஹெராக்லியோன் என்ற கப்பலில், புயலில் அவிழ்ந்த ஒரு குளிர்சாதன லாரி பக்கக் கதவில் மோதி அதைப் பிய்த்துக்கொண்டு கடலில் விழுந்தது. திறந்த வாய் வழியே கடல் வண்டித் தளத்துக்குள் புகுந்தது. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பிழைத்தவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை. துயரமும் கோபமும் தாளாத கிரீட் மக்கள், மறு ஆண்டே தங்கள் பங்குப்பணத்தில் அனெக் என்ற சொந்தக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

வண்டி ஏற்றும் கப்பலின் தீராத பலவீனம் அந்தத் தளம்தான். லாரிகள் ஓட வேண்டுமே என்பதற்காக அங்கே குறுக்குச் சுவர்கள் இருக்காது. ஒரு தாம்பாளத்தில் விரல்கடை உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றித் தூக்கி நடந்து பாருங்கள்: கொஞ்சம் சாய்ந்தாலும் தண்ணீர் முழுதும் அந்தப் பக்கம் ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். இந்த ஆபத்து தளத்தின் அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தில் வளர்கிறது. நூறு மீட்டர் நீளமும் இருபது மீட்டர் அகலமும் கொண்ட தளத்தில் அரை மீட்டர் தண்ணீர் நின்றால் அது 1,000 டன், அத்தனையும் இடம் மாறி ஓடக்கூடிய எடை. 1994-இல் பால்டிக் கடலில் 852 உயிர்களோடு மூழ்கிய எஸ்டோனியா கப்பலிலும் இதுதான் நடந்தது. அதன் பிறகு 1996-இல் வட ஐரோப்பிய நாடுகள், சேதமடைந்த கப்பலின் தளத்தில் அரை மீட்டர் வரை தண்ணீர் நின்றாலும் கவிழாதிருக்க வேண்டும் என்று விதி செய்தன. 2003-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தெற்குக் கடல்களுக்கும் கொண்டுவந்தது.

அந்த ஏழு ஆண்டு இடைவெளிக்குள்தான் எக்ஸ்பிரஸ் சமீனா என்ற கப்பல் மூழ்கியது. 2000 செப்டம்பர் 26 இரவு, பலத்த காற்றில், பரோஸ் துறைக்கு வெளியே கலங்கரை விளக்கோடு நிற்கும் போர்டெஸ் பாறைகளில் 1966-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் மோதியது. காற்று மட்டும் அதைக் கொல்லவில்லை. கவனிக்க வேண்டியவர்கள் கவனிக்கவில்லை. நீர்புகாக் கதவுகள் பதினொன்றில் ஒன்பது திறந்து கிடந்தன. ஓர் அறையோடு நின்றிருக்க வேண்டிய தண்ணீர் கப்பல் முழுதும் பரவியது. எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் காற்றிலும் பரோஸ் மீனவர்கள் தங்கள் சிறு படகுகளை எடுத்துக்கொண்டு இருட்டில் போய், தண்ணீரில் கிடந்தவர்களைத் தூக்கிக் கரை சேர்த்தார்கள். அந்த மீனவர்கள் இல்லாவிட்டால் எண்ணிக்கை இன்னும் ஏறியிருக்கும்.

தடையின் உண்மையான விலையைக் கொடுப்பவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்லர். நக்ஸோஸுக்கும் அமோர்கோஸுக்கும் நடுவே இராக்லியா, ஸ்கினூசா, கூஃபோனிசி, டொனூசா என்ற குட்டித் தீவுகள் கிடக்கின்றன. எக்ஸ்பிரஸ் ஸ்கோபெலிடிஸ் என்ற சிறிய கப்பல்தான் அவற்றுக்கு அன்றாட உயிர்நாடி. அது நின்றால் காய்கறி வராது, மருந்து வராது, நக்ஸோஸ் மருத்துவமனைக்குப் போக வேண்டியவர் வீட்டிலேயே காத்திருப்பார். இப்படிப்பட்ட, லாபம் தராத வழித்தடங்களுக்கு அரசு மானியம் கொடுத்துக் கப்பல் ஓட்டுகிறது. குளிர்காலத்தில், பயணிகள் யாரும் இல்லாத நாளிலும் அவை ஓடியாக வேண்டும். தீவில் பள்ளிக்கூடம் திறந்திருக்குமா, இளைஞர்கள் தங்குவார்களா என்பதெல்லாம் அந்த அட்டவணையில் தொங்குகிறது.

கோடையில் போகத் திட்டமிடுகிறவர்களுக்கு மேலே சொன்ன கணக்குகளிலிருந்தே வழி கிடைக்கும். காற்று வலுக்கும் முன் ஓடும் காலைக் கப்பலை எடுங்கள். வேகத்தைவிட நீளத்தைப் பாருங்கள். கப்பல் தலை தூக்கித் தாழ்வது அதன் நடுவை அச்சாகக் கொண்டு என்பதால், முன்வரிசைச் சன்னலை ஆசைப்படாமல் நடுப்பகுதியில், முடிந்தவரை கீழ்த்தளத்தில் உட்காருங்கள். கைப்பேசியைப் பார்க்காமல் அடிவானத்தைப் பார்த்தால், கண் சொல்வதும் காதின் சமநிலை உறுப்பு சொல்வதும் ஒத்துப்போய்க் குமட்டல் குறையும். ஊர் திரும்பும் விமானம் ஏதென்ஸிலிருந்து என்றால், அதற்கு முந்திய நாளே தீவை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.